பெயரில் மட்டும் குங்குமப்பூ

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். மூட்டை, எடை, கழிவு, தரகு, பாக்கி. இதிலேயே ஆயுள் போனதால், எந்த ஊருக்குப் போனாலும் கால் தானாகச் சந்தைப் பக்கம் திரும்பும். கோயில் அப்புறம்தான். வீட்டுக்காரிக்கு என்னிடம் பிடிக்காத குணங்களில் இதுவும் ஒன்று.

மகள் கேம்பிரிட்ஜில் இருக்கிறாள். பேரனைப் பார்க்க ஆறு மாச விசாவில் வந்திருக்கிறோம். மார்ச் மாசம் ஒரு நாள், "ஏனுங்ப்பா, வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கீங்க. பக்கத்துல சாஃப்ரன் வால்டன்னு ஒரு ஊரு இருக்குதுங்க. செவ்வாக்கிழமை சந்தை. ஒரு எட்டுப் போயிட்டு வாங்க" என்றாள்.

சாஃப்ரன் என்றால் குங்குமப்பூ. எங்கள் ஊரை 'மஞ்சள் மாநகர்' என்று மேடையிலும் பேனரிலும் சொல்வோமே தவிர, தபால் விலாசத்தில் யாரும் 'மஞ்சள் ஈரோடு' என்று எழுதியதில்லை. இவர்கள் எழுதுகிறார்கள். அந்த ஒரு காரணம் போதுமென்று கிளம்பிவிட்டேன்.

கேம்பிரிட்ஜிலிருந்து லண்டன் போகும் ரயிலில் இருபது நிமிஷத்துக்குள் வந்துவிடுகிறது. ஆனால் இறங்குவது ஆட்லி எண்ட் என்ற ஸ்டேஷனில். ஊர் அங்கிருந்து இரண்டு மைல். ஊருக்குள்ளேயே போகும் கிளைப்பாதை ஒன்றை 1865-ல் போட்டு, 1964-ல் மூடிவிட்டார்களாம். நான் வெளியே வரவும் பஸ் கிளம்பவும் சரியாக இருந்தது. அடுத்ததற்கு நிற்கப் பொறுமை இல்லை, நடந்தேன்.

வழியில் ஆட்லி எண்ட் மாளிகை. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சஃபோக் பிரபு தாமஸ் ஹோவர்ட் கட்டியது. கட்டியபோது இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு பெரிதாம். அப்போதைய ராஜா முதலாம் ஜேம்ஸ் இதைப் பார்த்துவிட்டு, "ராஜாவுக்கு இது ரொம்பப் பெரிசு, கஜானா மந்திரிக்கு வேண்டுமானால் சரியாக இருக்கும்" என்றதாக ஒரு கதை. அந்தக் கஜானா மந்திரி இவர்தான். 1619-ல் கையாடல் வழக்கில் மாட்டி, லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் அந்த மாளிகையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். உள்ளே போக டிக்கெட். வெளியிலிருந்து பார்க்கக் காசில்லை.

ஊர் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. முதலில் கண்ணில் படுவது செயின்ட் மேரி தேவாலயத்தின் ஊசிக்கோபுரம், 193 அடி. தேவாலயம் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் எழுந்தது. ஊசியை 1832-ல்தான் வைத்திருக்கிறார்கள். அதைக் குறிவைத்து நடந்தால் சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது.

பெரிய சந்தை என்று சொல்ல முடியாது. நம் ஊர் வாரச் சந்தையோடு ஒப்பிட்டால் ஒரு மூலை. கோடு போட்ட துணிக் கூரைகளுக்குக் கீழே ரொட்டி, மீன், சீஸ், ஆலிவ் காய், நாற்றுத் தொட்டிகள், காய்கறி. கூவி விற்பது இல்லை என்று நினைத்தேன். காய்கறிக்காரர் ஒருவர் மட்டும் ஸ்ட்ராபெரிக்கு ராகம் போட்டுக் கூவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு ஊர் ஒட்டியது.

ஆனால் சதுக்கத்தை ஒட்டிய சந்துகளைப் பார்த்ததும் இது லேசுப்பட்ட சந்தை இல்லை என்று புரிந்தது. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். ஒரு சந்துக்குக் கசாப்புக்காரர் வரிசை என்று பேர், இன்னொன்றுக்கு ஜவுளிக்காரர் வரிசை, மற்றொன்றுக்குச் சந்தை வரிசை. ஆதியில் இங்கே தற்காலிகக் கடைகள்தான். கடை நிலைத்து, சுவராகி, மாடியாகி, கடைக்காரன் நின்ற இடைவெளி தெருவாகிவிட்டது. ஆக்கிரமிப்புதான், வேறென்ன. ஐந்நூறு வருஷம் யாரும் இடிக்காமல் விட்டால் ஆக்கிரமிப்புக்கும் பாரம்பரியச் சின்னம் என்று பலகை மாட்டிவிடுகிறார்கள்.

சந்தையே இந்த ஊருக்குச் சொந்தமாகப் பிறந்ததில்லை. மூன்று மைல் தள்ளி நியூபோர்ட் என்று ஒரு ஊர். ரயிலில் லண்டன் பக்கம் போனால் அடுத்த ஸ்டேஷன். 'போர்ட்' என்றால் இங்கே துறைமுகம் அல்ல. பழைய இங்கிலீஷில் சந்தையூருக்கும் அந்தச் சொல் உண்டு. புதுச்சந்தையூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1141-ல் ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபு, மட்டில்டா பேரரசியிடம் அனுமதி வாங்கி, அந்தச் சந்தையை அப்படியே தூக்கித் தன் கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். அரியணைக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. பிரபுக்கள் கேட்டதெல்லாம் கிடைத்திருக்கும். அவர் கோட்டையின் கல்சுவர் இன்னும் அருங்காட்சியகத் தோட்டத்தில் மிச்சமிருக்கிறது. பல் விழுந்த ஈறு மாதிரி, கருங்குருணையாகச் சிக்கிமுக்கிக் கற்கள்.

அன்றிலிருந்து புதுச்சந்தையூரில் சந்தை இல்லை, பேர் மட்டும் இருக்கிறது. இந்த ஊருக்குச் 'சிப்பிங் வால்டன்' என்று பேர் வந்தது. சிப்பிங் என்றாலும் சந்தைதான். நம் ஊர்ப் பெயர்களில் பேட்டை ஒட்டிக்கொள்வது போல. பிறகு குங்குமப்பூ வந்தது, சிப்பிங் போய் சாஃப்ரன் ஒட்டிக்கொண்டது. இப்போது குங்குமப்பூவும் போய்விட்டது. ஆக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர். இரண்டு பேருக்கும் சரக்கு கையிருப்பில் இல்லை.

பூ எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். புனித யாத்திரை போன ஒருவன் கீழ்நாட்டிலிருந்து ஒரே ஒரு கிழங்கைத் திருடி, தன் கைத்தடியைக் குடைந்து அதற்குள் ஒளித்துக் கொண்டுவந்தானாம். பிடிபட்டால் உயிர் போயிருக்கும். 16-ம் நூற்றாண்டில் ஹாக்லூட் என்பவர் இந்த ஊரில் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார். உண்மையோ பொய்யோ, விதைத் திருட்டுக் கதை இல்லாத வியாபாரப் பயிர் உலகத்தில் உண்டா?

இந்தப் பக்கத்து மண் சுண்ணாம்புச் சத்துள்ளது, தண்ணீர் தேங்காது. கிழங்குக்கு அது போதும். அக்டோபரில் ஊதாப் பூ வரும். காலையில் பறித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவப்பு இழையை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 150 பூ. அதைக் காகிதங்களுக்கு நடுவே பரப்பி, அடுப்பின் மேல் வைத்துப் பலகையால் அழுத்தி, அடையாகக் காயவைத்திருக்கிறார்கள். பயிரிட்டவர்களுக்குக் 'குரோக்கர்' என்று பேர். துணிச் சாயம், மருந்து, சமையல் என்று மூன்று பக்கமும் கிராக்கி. வேக வைத்து, காய வைத்து, மெருகு போட்டு மூட்டை மூட்டையாக விரலி மஞ்சள் பார்த்தவனுக்கு, கிராம் கணக்கில் ஓடும் மண்டியை நினைத்தால் தலை சுற்றுகிறது. தும்மினால் நஷ்டம்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை, பக்கத்து ராட்விண்டர் கிராமத்துப் பாதிரியார் வில்லியம் ஹாரிசன் எழுதி வைத்திருப்பது. 16-ம் நூற்றாண்டின் நடுவில் ஒரு வருஷம் பூ தாங்க முடியாமல் பூத்துவிட்டது. பறிக்க ஆள் போதவில்லை. பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளியிருந்த ஊர்களுக்கெல்லாம் பூவை அனுப்பி, பாதியைக் கூலியாகவே கொடுத்து மீதிப் பாதியை ஆய்ந்து வாங்கினார்கள். பாதிக்குப் பாதி வாரம்! விலை விழுந்தது. அப்போது வால்டன்காரர்கள் சிலர், 'சந்தையை அடைத்து மூச்சுத் திணற வைக்கக் கடவுள் குங்குமப்பூவாக...' என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். என்ன வார்த்தை என்று இங்கே எழுதக் கூசுகிறது. காலையில் கொல்லைப் பக்கம் போவதற்கான பச்சையான சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றிகெட்ட அந்தப் பேச்சுக்குத் தண்டனையாகத்தான் அதற்குப் பிறகு விளைச்சல் குறைந்தது என்கிறார் பாதிரியார்.

பாதிரியார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் குரோக்கர் பக்கம். 2011 தொடக்கத்தில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 17,000 ரூபாயைத் தொட்டது. பார்த்தவனெல்லாம் மஞ்சள் போட்டான். அடுத்த வருஷம் நாலில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. அன்று மண்டித் திண்ணையில் உட்கார்ந்திருந்த விவசாயிகள் சாமியைப் பற்றிப் பேசியதை நான் காது கொடுத்துக் கேட்டவன். வால்டன்காரர்கள் அந்த அளவுக்கு மோசமாகப் பேசவில்லை.

கடைசியில் குங்குமப்பூவை ஒழித்தது கடவுளும் இல்லை, சாபமும் இல்லை. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்தது, வேறு சாயங்கள் வந்தன, சமையல் ருசியும் மாறியது. 18-ம் நூற்றாண்டு முடிவதற்குள் வயலில் பூ இல்லை. ஊர் என்ன செய்தது? பார்லிக்கு மாறியது. பார்லியை முளைகட்டி மால்ட் ஆக்கி விற்றார்கள். அந்தக் காசில் எழுந்தவர்கள் கிப்சன் குடும்பம், குவேக்கர் மதப்பிரிவினர். பீர் காய்ச்சும் தொழிலிலிருந்து வங்கிக்குப் போனார்கள். சதுக்கத்தில் சர்ச் மாதிரி ஜன்னல் வைத்து நிற்கும் 1874-ம் வருஷத்துக் கட்டிடம் அவர்கள் வங்கிக்காகக் கட்டியதுதான். 1896-ல் பல வங்கிகள் சேர்ந்து பார்க்லேஸ் ஆனபோது அதில் இவர்களுடையதும் ஒன்று. எதிரே 1848-ல் தானிய வியாபாரத்துக்கென்று கட்டிய மண்டி, இப்போது நூலகம். உள்ளே போய்ச் சும்மா அரைமணி நேரம் உட்கார்ந்தேன். மண்டிக்குள் இத்தனை அமைதியாக நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

தேவாலயத்துப் புல்வெளியில் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். சின்னச் சின்னதாக ஊதாப் பூ கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. ஆகா, குங்குமப்பூ அழியவில்லை என்று குனிந்து போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். நாயோடு வந்த ஒரு பாட்டியம்மா நின்று பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "இது வசந்தத்தில் வரும் குரோக்கஸ், சமையலுக்கு ஆகாது, நீங்கள் தேடுவது இலையுதிர் காலத்தில் பூக்கும்" என்றார். அதோடு விடவில்லை. அக்டோபரில் வந்தாலும் ஏமாறக் கூடாதாம். அந்தச் சமயத்தில் அதே மாதிரி இன்னொரு பூ வரும், கால்ச்சிக்கம் என்று. அது விஷம். மகரந்தக் காம்பு மூன்று இருந்தால் குங்குமப்பூ, ஆறு இருந்தால் கிட்டப் போகாதே. விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நாய் பாவம், அதுவரை உட்கார்ந்தே இருந்தது.

உள்ளே, தெற்குப் பக்கத்து வளைவுகளின் ஓரத்தில் அசல் பூவைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஊர் முத்திரையிலும் அதுதான்: கோட்டை மதிலுக்குள் மூன்று பூ. சுவருக்குள் அடைத்த சாஃப்ரன் என்று இங்கிலீஷில் சொன்னால் ஊர்ப் பெயர் மாதிரியே ஒலிக்கும். காளமேகம் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

இந்தத் தேவாலயத்தில் 1647-ல் நடந்தது பூஜை மட்டுமில்லை, சம்பளத் தகராறும்தான். உள்நாட்டுப் போரில் ராஜாவைத் தோற்கடித்த பாராளுமன்றப் படை ஊரைச் சுற்றித் தங்கியிருந்தது. 'போர் முடிந்தது, கலைந்து போங்கள், இல்லாவிட்டால் அயர்லாந்துக்குப் போங்கள்' என்றது பாராளுமன்றம். 'பாக்கிச் சம்பளம் எங்கே?' என்றார்கள் சிப்பாய்கள். அதைப் பேசித் தீர்க்க வந்தவர்களில் கிராம்வெல்லும் ஒருவர். தீரவில்லை. பிறகு அந்தப் படை லண்டனுக்கே போனதும், ராஜாவின் தலை போனதும் சரித்திரம்.

வெளியே கல்லறைகளுக்கு நடுவில் ஒரு பெயர் பார்த்து நின்றேன். ராப் பட்லர். 1929 முதல் 1965 வரை இந்தத் தொகுதியின் எம்.பி. பிறந்தது 1902-ல், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் அட்டோக்கில். இங்கே அவரைப் பற்றிக் கேட்டால் 1944-ம் வருஷத்துக் கல்விச் சட்டத்தைச் சொல்வார்கள். நமக்கு வேறு கணக்கு. 1935-ம் வருஷத்து இந்திய அரசுச் சட்டம் இருக்கிறதே, நம் அரசியல் சாசனத்தில் பாதி இடங்களில் வாசனை அடிப்பது அதுதான். அதைப் பாராளுமன்றத்தில் நகர்த்திக்கொண்டு போனவர்களில் இந்தியத் துறையின் துணை அமைச்சராக இருந்த இவரும் ஒருவர். மாகாணம், பொதுப் பட்டியல், ஆளுநர் என்று நாம் இன்றும் அடித்துக்கொள்கிற சங்கதிகளைத் தூக்கிச் சுமந்தவர், ஒரு சந்தையூரின் மண்ணில் சத்தமில்லாமல் கிடக்கிறார்.

சர்ச் தெருவில் பழைய சன் இன் என்ற சத்திரக் கட்டிடம். அடிப்படை பதினாலாம் நூற்றாண்டு. முகப்பு முழுக்க சுதை வேலை! சுதை என்றால் நம் கோபுரத்து மாதிரி வர்ணம் அடித்ததில்லை, வெறும் வெள்ளை, சுவரோடு ஒட்டிய புடைப்பு. 1676 என்று வருஷம் போட்டிருக்கிறது. டாம் ஹிக்கத்ரிஃப்ட் என்ற நாட்டுப்புற வீரனும் விஸ்பெச் ராட்சசனும் மோதுகிறார்கள். வண்டிச் சக்கரத்தைக் கேடயமாகவும் அச்சுத் தண்டை ஆயுதமாகவும் பிடித்துச் சண்டை போட்டவனாம் டாம். வண்டிக்காரன் ஹீரோவான கதை. நம் ஊர் ஸ்தபதி பார்த்தால் கை கால் அளவு சரியில்லை என்பார். எனக்கு அந்தக் கோணல்தான் பிடித்திருந்தது.

ஊர்ப் பொதுப் புல்வெளிக்குப் போனேன். அங்கே தரையில் வெட்டிய சுற்றுப்பாதை. இங்கிலாந்தில் மிச்சமிருக்கும் புல்வெட்டுச் சுற்றுப்பாதைகளில் இதுதான் பெரிது. பதினேழு சுற்று, நாலு மூலையிலும் காது மாதிரி ஒரு மடிப்பு, மொத்தம் ஒரு மைல் கிட்ட நடை. 1699-ல் இதைத் திரும்ப வெட்டியதற்குக் கணக்கு இருக்கிறது. அதற்கு முன்னால் எப்போதிருந்து என்பது யாருக்கும் தெரியாதாம். அந்தக் காலத்துப் பையன்கள் பீர் பந்தயம் கட்டி இதில் ஓடியிருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் கெடிமேட்டில் கல் அடுக்கிய சுற்றுப்பாதை உண்டு; எங்கள் அம்மா ஏழுசுற்றுக் கோட்டை என்று கோலத்திலேயே போடுவார். அதனால் வழி தெரிந்தவன் போல இறங்கிவிட்டேன். குறுக்கே ஒரு எட்டு வைத்தால் நடுவுக்குப் போய்விடலாம், கேட்க ஆளில்லை. ஆனால் ஒரு வரியை விட்டுவிட்டுக் கூட்டல் போட என் கைக்குப் பழக்கமில்லை. நடுவை அடைந்தபோது மூட்டு கேள்வி கேட்டது. திரும்பி வரும்போது குறுக்கே வந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2025-ல் சண்டே டைம்ஸ் பத்திரிகை, பிரிட்டனிலேயே குடியிருக்கச் சிறந்த இடம் என்று இந்த ஊரை முதலாவதாகப் போட்டது. காரணம் தேட வேண்டியதில்லை. லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ரயில், நல்ல பள்ளி, நடந்தே முடிகிற ஊர். பள்ளிக்கூட வளாகத்திலேயே 740 பேர் உட்காரும் இசை அரங்கம் ஒன்று 2013-ல் வந்தது, சாஃப்ரன் ஹால் என்று. பணம் கொடுத்தவர் பேர் சொல்ல மறுத்துவிட்டாராம். ட்யூப்லைட் வெளிச்சம் தெரியாத அளவுக்கு 'உபயம்' எழுதுகிற ஊர்க்காரன் நான். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பட்டியலில் வந்தால் வீட்டு விலை என்ன ஆகும் என்பது மண்டிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சீஸ் விற்றவரிடம் எந்தத் தெருவில் வீடு என்று கேட்டேன். சிரித்தார். காலையில் நாலரைக்கு எழுந்து வேனில் ஒரு மணி நேரம் ஓட்டி வருகிறாராம். "இங்கே விற்கலாம், இங்கே தூங்க முடியாது" என்றார். வீட்டு ஏஜென்ட் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைகளை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

கிளம்பும் முன் ஒரு கடையில் குங்குமப்பூ கண்ணில் பட்டது. எசெக்ஸ் மண்ணிலேயே மறுபடி விளைய வைக்கிறார்கள், கொஞ்சமாக. அரைக் கிராம்கூட இல்லை. கண்ணாடிச் சிமிழில் தலைமுடி உதிர்ந்தது மாதிரி கிடந்தது. விலையை இங்கே எழுதவில்லை, வீட்டில் இதைப் படிப்பார்கள். வாங்கிவிட்டேன்.

ராத்திரி மகள் சமையலறைத் தராசை எடுத்தேன். டிஜிட்டல். சிமிழைத் திறந்து இழைகளை மட்டும் ஒரு காகிதத்தில் தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். பூஜ்யம். எடுத்து மறுபடி வைத்தேன். பூஜ்யம்.

"ஏனுங்க, சிமிழோட வெச்சுப் பாருங்க" என்றாள் வீட்டுக்காரி, பின்னாலிருந்து.

வைத்தேன். முப்பத்தொரு கிராம் காட்டியது.